இரண்டு மூன்றுக்கு

சோமனூர் மில் ஏலத்தில்
பழைய இரும்பு விலைக்கு வந்தவை இரண்டும்.
ஒன்று முந்நூற்று எண்பத்தாறு,
மற்றது அதற்கும் மூத்தது.
மூடியைக் கழற்றினால் விசிறிக்குள்
ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு.
"மூச்சு முட்டியே நின்னிருக்கும்" என்று
அம்சவேணி பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டினாள்.

ஆவாரம்பாளையத்தில் என் வாடகை மாடிக்குக் கீழே
மருதாசலத்தின் லேத் பட்டறை.
ஞாயிற்றுக்கிழமையும் பம்ப் ஷாஃப்ட் கடைகிறார்கள்.
தரை அதிர, சாலிடர் துளி
பக்கத்து முள்ளில் போய் உட்காரும்.
உறிஞ்சி எடுப்பேன், மறுபடி வைப்பேன்.
தாளைப் பார்த்து அவள் எண் சொல்லச் சொல்ல:

இரண்டு மூன்றுக்கு.
மூன்று இரண்டுக்கு.
ஐந்து ஏழுக்கு, அது தரை, மறந்துராத.
நாலு இருபதுக்கு.
ஏழு நாலுக்கு.
எட்டு ஐந்துக்கு.
ஆறு ஆறுக்கே.
"ஊரே வீடு மாறுனாலும் இவன் காலி பண்ண மாட்டான்."

இது ஒன்பது முள்ளில் தொடங்கி
மோடத்தின் இருபத்தைந்து முள்ளில் முடிகிற கேபிள்.
மூத்ததற்கு வாயே இருபத்தைந்து.
அதற்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று,
நேராக இழுத்தால் போதும்.
கை பழகிய தோஷம், அதையும் மாற்றிப் பற்றவைத்தேன்.
விளக்கு எரிந்தது. பதில் இல்லை.
பேசுகிற வாய்க்கு எதிரே
இன்னொரு பேசுகிற வாயை வைத்துவிட்டு
முக்கால் மணி நேரம்
மோடத்துக்குக் காது செவிடு என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

திருகாணி நாலு குறைந்தது.
மருதாசலம் ஒன்றை வாங்கிக் கண்ணருகே பிடித்து
"இது நம்மூட்டு மரை இல்லீங்" என்றார்.
பித்தளைக் கம்பியில் நாலும் கடைந்து தந்து
காசு வேண்டாம் என்றவர், படியில் நின்று கேட்டார்:
"ரெண்டும் பேசி என்ன பண்ணப் போவுதுங்?"
பார்த்துச் சொல்றோம் என்றோம்.

டெலிபோன் லைன் இந்த வீட்டில் இல்லை.
இரண்டு மோடத்துக்கும் நடுவே ஆறடி ஒயர்,
ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு மின்தடை.
எக்ஸ்சேஞ்ச் அவ்வளவுதான்.
அவள் கூப்பிட, நான் எடுக்க,
முதலில் ஒரு நீள விசில்,
பிறகு தகரத்தைக் கல்தரையில் இழுக்கிற கூச்சல்.
கீழே லேத் நின்றது.
"ஏனுங், பேரிங் எங்கயோ கட்டிக்கிச்சாட்டம் இருக்குது!"
மருதாசலம் தன் இயந்திரத்தின் அடியில் குனிந்து தேடுவது
படி வழியாகத் தெரிந்தது.
சொல்ல நேரமில்லை. இணைந்துவிட்டது.

எண்கள் போயின. ஆங்கிலம் போனது.
அவள் தமிழில் ஏதோ அடித்தாள்.
என் திரையில் வந்தது
காற்புள்ளி, கேள்விக்குறி, ஒரு டாலர், பாதி அடைப்புக்குறி.
ஏழு பிட்டில் விட்டிருக்கிறோம்.
நம் எழுத்துரு குடியிருப்பது எட்டாவது மாடியில்.
மாடியை வெட்டிவிட்டு
ஆளை மட்டும் அனுப்பச் சொன்னால்?
பேரிட்டி வேண்டாம், பிட் எட்டு என்று இரண்டு பக்கமும் மாற்றி
மறுபடி கூப்பிட்டு, மறுபடி கூச்சலிட்டு,
கீழே மறுபடி லேத் நின்று,

பச்சையில், ஒவ்வோர் எழுத்தாக,
நெல் பொறுக்குகிற கோழி வேகத்தில் வந்தது:
சா ப் பி ட லா மா

நாலு அடி தூரத்தில்
எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
வாயால் கேட்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கே கேட்டிருக்கலாம்.
இப்போது நாலே கால்.
சரி என்று அடிக்க நான் எழுத்தைத் தேடுவதற்குள்
அவள் எழுந்தாள், ஒயரில் கால் பட்டது,
இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில்
நோ கேரியர்.

"கண்ணு தெரியல பாரு இதுகளுக்கு"
என்று மேசைக்கடியிலிருந்து
நாலடுக்குக் கேரியரை எடுத்து வைத்தாள்.
அரிசிம்பருப்பு ஆறிக் கட்டியாகியிருந்தது.
மருதாசலத்துக்கும் ஒரு தட்டு போட்டோம்.
பேரிங்கில் கோளாறில்லை என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.
சோப்புப் போட்டுக் கழுவியும்
ஒவ்வொரு கவளத்திலும் ரோசின் வாசம்.